வேப்பமரத்து வேர் பக்கத்தில் கார் நிறுத்தக் கான்கிரீட்: வேரை வெட்டலாமா?

ரெட்டேரிவாசி:

கொளத்தூரில் தனி வீடு. கேட்டிலிருந்து உள்ளே 9 அடி அகலத்துக்குப் பழைய கான்கிரீட் பாதை இருக்கு, 4 இஞ்ச் கனம். ரெண்டாவது கார் நிறுத்த அதை ஒட்டியே 8 அடி அகலம், 18 அடி நீளத்துக்கு நீட்டிக்கணும். அந்தப் பக்கம் தோட்டம். அதுல ஒரு வேப்பமரம் நிக்கிறதுதான் கேள்வியே.

அளவு எல்லாம் கீழே:

மரத்தோட சுற்றளவு நெஞ்சு உயரத்துல 44 இஞ்ச். புதுக் கான்கிரீட்டோட வெளி ஓரத்துக்கும் அடிமரத்துக்கும் 3 அடிதான் இடைவெளி. கேட்டிலிருந்து அளந்தா மரம் 7 அடியில நிக்குது. கடைசி மூலையில ஒரு தென்னை, ஓரத்திலிருந்து 2 அடி. தோட்டத்து மண், பழைய கான்கிரீட் மேல்மட்டத்தைவிட 9 இஞ்ச் தாழ்வு. மேல ஒரு அடிக்கு நிரப்பின செம்மண், அதுக்குக் கீழ களி. வேப்பமரத்து வேர் ஒண்ணு, இரண்டரை இஞ்ச் கனம், மண்ணுக்கு மேலயே முதுகு தெரியுது. பழைய கான்கிரீட்டை நோக்கித்தான் போகுது.

மேஸ்திரி சொல்றது: 6 இஞ்ச் தோண்டி, குறுக்க வர்ற வேரையெல்லாம் வெட்டிட்டு, கிராவல் கொட்டி திம்ஸ் போட்டு (கட்டையால இடிச்சு இறுக்கி), 1:2:4 கலவையில (சிமெண்ட், மணல், ஜல்லி) 4 இஞ்ச் கான்கிரீட். கம்பி வேணாம்னு சொல்றார். போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு) 2100 காட்டுது.

மரம் போகக் கூடாது. கான்கிரீட்டும் ரெண்டு வருஷத்துல தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. எந்த அளவு, எந்த முறை சரியா வரும்? சரக்கு எவ்வளவு வாங்கணும்?


வேரடிமண்:

முதலில் மரத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். கான்கிரீட்டின் எல்லையை அதுதான் சொல்லும்.

44 இஞ்ச் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 14 இஞ்ச். விட்டத்தைப்போல் 12 மடங்கு தூரம், அதாவது அடிமரத்திலிருந்து 14 அடி ஆரம், மரம் உயிரோடும் உரத்தோடும் இருக்கத் தேவையான வேர்ப்பரப்பு. உங்கள் 8 அடி அகலம் ஏறக்குறைய முழுவதும் அதற்குள்தான் வருகிறது. அதனால் அந்த 14 அடிக்குள் எதுவுமே செய்யக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விட்டத்தைப்போல் 3 முதல் 5 மடங்கு தூரத்துக்குள், உங்கள் மரத்துக்கு மூன்றரை அடி முதல் 6 அடி வரை, இருப்பவை மரத்தைத் தாங்கி நிற்கும் வேர்கள். அங்கே கடப்பாரையே இறங்கக் கூடாது. மேஸ்திரி சொல்கிறபடி 3 அடியில் 6 இஞ்ச் தோண்டினால் அந்தத் தாங்கு வேர்களின் ஒரு பக்கம் மொத்தமாகப் போய்விடும். மரம் உடனே பட்டுப்போகாது. இரண்டு மூன்று வருடம் இலை குறைந்து, நுனிக் கிளைகள் காய்ந்து, பிறகு ஒரு புயலில் வேர் வெட்டின பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. இன்னொரு வர்தா வரும்போது உங்கள் மரம் நிற்குமா என்பதை இந்த 3 அடிதான் தீர்மானிக்கும்.

வேர் எல்லாம் ஆழத்தில் இருக்கிறது என்ற நினைப்பு தவறு. மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல் ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் படர்கின்றன. நீரும் உணவும் உறிஞ்சும் நுண்வேர்கள் மேல் ஒரு அடியில். களிமண்ணில் காற்று இறங்காது என்பதால் இன்னும் மேலேயே நிற்கும். உங்கள் இடத்தில் செம்மண் ஒரு அடி, அதற்குக் கீழே களி என்கிறீர்களே, வேர்கள் அந்த ஒரு அடிக்குள்தான் கூட்டமாக இருக்கும். 6 இஞ்ச் தோண்டினால் அதில் பாதி போச்சு. திம்ஸ் போட்டு இறுக்கினால் மீதிக்குக் காற்றும் போச்சு.

நல்ல வேளை, உங்களுக்கு 9 இஞ்ச் தாழ்வு இருக்கிறது. தோண்டவே தேவையில்லை. மண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு வரலாம்.

வேலைக்கு முன் ஒரே ஒரு சோதனை. புதுப் பகுதியின் வெளி ஓரக் கோட்டில் முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் களைக்கொத்தியால், ஒரு அடி அகலம், 8 இஞ்ச் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுங்கள். வெட்டக் கூடாது, சுரண்ட வேண்டும். வேர் தட்டுப்பட்டால் கையால் மண்ணைத் தள்ளி, கனம் அளந்து, சுண்ணாம்பால் குறி வையுங்கள். திறந்த வேர் வெயிலில் அரை மணி நேரம் கிடந்தாலே நுண்வேர் கருகும். ஈரச்சாக்கு மூடி வைத்து, அன்றைக்கே அதே மண்ணால் மூடிவிட வேண்டும்.

6 அடிக்கு வெளியே குறுக்கிடும் வேர் ஒரு இஞ்ச்சுக்குக் குறைவாக இருந்தால், தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும், கை ரம்பத்தால் வெட்டலாம். கடப்பாரையோ மண்வெட்டியோ பட்ட வேரைப் பாருங்கள்: தேங்காய் நார் பிரிந்த மாதிரி நார்நாராகக் கிழிந்து, கிழிசல் மரத்தின் பக்கம் ஒரு சாண் வரை பின்னோக்கி ஓடியிருக்கும். அந்த நீளம் முழுவதும் அழுகும். ரம்பத்தில் வெட்டின வாய் காசு மாதிரி வட்டமாக, வழவழப்பாக இருக்கும். அதன் விளிம்பிலிருந்தே புது வேர் கிளம்பும். வெட்டின இடத்தில் பெயின்ட், தார், சிமெண்ட் எதுவும் பூச வேண்டாம். ஆசிட் ஊற்றி வேரைக் கருக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மண்ணையே கெடுக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

தென்னை வேறு சாதி. அதன் வேர் விரல் கனத்துக்கு மேல் பருக்காது, வருடாவருடம் தடித்துக்கொண்டே போகவும் செய்யாது. அதனால் அது கான்கிரீட்டைத் தூக்காது. கொஞ்சம் அறுபட்டாலும் அடியிலிருந்து புது வேர் விடும். ஆனால் அதற்குத் தண்ணீரும் எருவும் போக 1.8 மீட்டர், சுமார் 6 அடி ஆரத்துக்குப் பாத்தி வேண்டும். அந்த மூலையை 3 அடிக்குச் சாய்வாக வெட்டிவிட்டு, மண்ணாகவே விடுங்கள். தேங்காயும் மட்டையும் விழும் இடத்தில் கண்ணாடி வருகிற மாதிரி காரை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். காய் வெட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.


தளப்பொறியாளர்:

வேரடிமண் சொன்ன 6 அடியை வைத்து வரைந்து பார்த்தேன். மரம் கேட்டிலிருந்து 7 அடியில், ஓரத்திலிருந்து 3 அடி தள்ளி. 6 அடி வட்டம் போட்டால் உங்கள் 18 அடி நீளத்தில் சுமார் 2-லிருந்து 12 அடி வரைக்கும் வெளி ஓரத்தை வெட்டுகிறது. ஆழம் அதிகபட்சம் 3 அடி. அந்தப் பகுதியில் மட்டும் கான்கிரீட் வேண்டாம், பேவர் பிளாக் போதும். கேட்டுப் பக்கம் 2 அடிக்குத் துண்டாகக் கான்கிரீட் விட்டால் அது நீளமான சில்லாக நின்று உடையும். ஆகவே பேவரைக் கேட்டிலிருந்தே ஆரம்பித்து 12 அடி வரை 3 அடி அகலத்துக்குக் கொண்டுபோங்கள்.

அப்போது கான்கிரீட்: முதல் 12 அடிக்கு 5 அடி அகலம், கடைசி 6 அடிக்கு 8 அடி அகலம். மொத்தம் 108 சதுர அடி. பேவர் 36 சதுர அடி. காரின் ஒரு பக்கச் சக்கரம் கான்கிரீட்டிலும் மறுபக்கச் சக்கரம் பேவரிலும் ஓடும். அதில் தவறில்லை, கீழே சொல்கிறபடி அடித்தளம் போட்டால்.

கனம் 5 இஞ்ச். 4 இஞ்ச் ஒரு சின்னக் காருக்குத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் கீழே களி. களிமண் ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். மரம் தண்ணீர் இழுக்கும் பக்கம் இன்னும் அதிகமாகச் சுருங்கும். மரத்தருகே கான்கிரீட் உடைந்தால் எல்லோரும் வேர் தூக்கியதாகச் சொல்வார்கள். பாதி இடங்களில் நடந்தது மண் சுருங்கி அடியில் வெற்றிடம் விழுந்து, சக்கரப் பாரத்தில் தளம் கீழே ஒடிந்ததுதான். உடைந்த விளிம்பு மேலே நிற்கிறதா கீழே இறங்கியிருக்கிறதா என்று மட்டக்குழாய் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மட்டக் கணக்கு: 9 இஞ்ச்சில் அடியில் 4 இஞ்ச் ஜல்லி, மேலே 5 இஞ்ச் கான்கிரீட். புல், சருகு, மக்கின மண் மட்டும் கையால் வழித்து எடுங்கள், ஒன்று ஒன்றரை இஞ்ச்சுக்கு மேல் வேண்டாம். எடுத்த அளவை ஜல்லியால் நிரப்புங்கள். மண் மேல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஜியோ டெக்ஸ்டைல் துணி. ஜல்லி களிக்குள் அமுங்காமலிருக்க அது கட்டாயம். துணிமேல் 40 மி.மீ. ஜல்லி, தூசி இல்லாமல். அதன் இடுக்கை மூட அரை இஞ்ச் சிப்ஸ் (பொடி ஜல்லி). கிராவல் வேண்டாம். கிராவலில் மண் இருக்கிறது, ஈரம் பிடிக்கும், வேர் அதற்குள் சுகமாக ஓடும். கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் ஈரம் தங்கும் இடத்தைத் தேடித்தான் வேர் வருகிறது. வெறும் ஜல்லி இடுக்கில் காற்றுதான், வேருக்கு அங்கே வேலையில்லை. கீழ் மண்ணிலேயே நின்றுகொள்ளும்.

ஜல்லியைத் திம்ஸ் கட்டையால் லேசாகத் தட்டினால் போதும். அதிர்வு மெஷின் ரோலர் கூடாது.

சரக்கு: 108 சதுர அடி × 5 இஞ்ச் = 45 கன அடி. எம்20, அதாவது 1:1½:3. சிமெண்ட் 11 மூட்டை, எம் சாண்ட் 20 கன அடி, 20 மி.மீ. ஜல்லி 40 கன அடி. யூனிட் (100 கன அடி) கணக்கில் மணல் கால் யூனிட், ஜல்லி அரை யூனிட் வாங்கினால் சேதாரம் போகச் சரியாக வரும். அடித்தளத்துக்கு 40 மி.மீ. ஜல்லி பேவர் பகுதிக்கும் சேர்த்து 60 கன அடி. ரெடிமிக்ஸ் லாரி இந்த அளவுக்குக் கட்டுப்படியாகாது, மிக்சர் மெஷின் வாடகைக்கு எடுங்கள்.

கம்பி கண்டிப்பாக வேண்டும். 8 மி.மீ., இரண்டு பக்கமும் 8 இஞ்ச் இடைவெளி. 12 மீட்டர் கம்பி 9 எண்ணம், சுமார் 43 கிலோ. இது விரிசலே வராமல் தடுக்காது. வந்த விரிசல் அகலாமல் பிடித்துவைக்கும். மேல்பரப்பிலிருந்து 2 இஞ்ச் கீழே கம்பி நிற்க வேண்டும்.

ஜாயின்ட் (விரிசல் கண்ட இடத்தில் ஓடாமலிருக்க நாமே கீறிவிடும் கோடு): கான்கிரீட்டின் உருவம் இப்போது 'ட' எழுத்து மாதிரி ஆகிவிட்டது. உள்மூலை இருக்கும் இடத்திலிருந்துதான் விரிசல் கோணலாகக் கிளம்பும், கம்பி போட்டாலும். ஆகவே 12 அடியில், அந்த உள்மூலையிலிருந்து பழைய பாதை வரை நேராக ஒரு ஜாயின்ட். 6 அடியில் இன்னொன்று. பகுதிகள் 6 × 5, 6 × 5, 6 × 8 என்று ஏறக்குறையச் சதுரமாக வரும். வெட்டின் ஆழம் கனத்தில் நான்கில் ஒரு பங்கு, ஒன்றேகால் இஞ்ச்சுக்குக் குறையக் கூடாது. அந்தக் கோட்டில் கம்பிகளை ஒன்று விட்டு ஒன்று வெட்டி விடுங்கள். முழுக்கம்பியும் தொடர்ந்தால் ஜாயின்ட் வேலை செய்யாது.

தண்ணீர்: டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். கம்பிக்கு எமன் குளோரைடு. ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) படி கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் உச்சம். கம்பி இல்லாததற்கு 2000. 2100 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீரில் அந்த 500 தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு. சோதனைக்குக் கொடுப்பதைவிட எளிய வழி: மூட்டைக்கு 26 லிட்டர் என்றால் 11 மூட்டைக்கு 286 லிட்டர்தான். மெட்ரோ தண்ணீர் இரண்டு டிரம் பிடித்து வைத்தால் வேலை முடிந்தது. மூட்டைக்கு 30 லிட்டரை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டவிடாதீர்கள்.


பூமட்டம்:

நான் கான்ட்ராக்ட் பக்கம் இருந்து சொல்றேன். இன்ஜினியர் சார் சொன்ன அளவு சரி. ஆனா பேவர் பகுதியைப் பத்தி ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இறுக்காத மண் மேல ஜல்லியை மட்டும் கொட்டி பேவர் வெச்சா, ஒரே இடத்துல சக்கரம் ஏறி ஏறி ஆறு மாசத்துல பள்ளம் விழும். அதுக்கு ஜியோசெல் போடணும். தேன்கூடு மாதிரி விரியும் பிளாஸ்டிக் வலை, 4 இஞ்ச் உயரம். துணிமேல விரிச்சு, ஓரத்துல முளை அடிச்சு இழுத்துப் பிடிச்சு, அறைக்குள்ள தூசி இல்லாத 20 மி.மீ. ஜல்லி நிரப்பணும். பாரம் ஒரே இடத்துல இறங்காம பரவிடும். முளை அடிக்கும்போது வேர் தட்டுச்சுன்னா ரெண்டு இஞ்ச் தள்ளி அடிங்க. அதுமேல ஒரு இஞ்ச் சிப்ஸ், அப்புறம் 80 மி.மீ. பேவர். இறுக்காத மண்ணு மேல காருக்கு 60 மி.மீ. கல் எடுக்காதீங்க. எல்லாம் சேர்ந்து 8 இஞ்ச்சுக்குக் கொஞ்சம் மேல வரும், 9 இஞ்ச்சுக்கு மீதியை ஜல்லியில சரிக்கட்டிக்கலாம்.

பேவர் இடுக்குல சிமெண்ட் பால் ஊத்தவே கூடாது. சின்ன சிப்ஸைத் தள்ளி விடுங்க. தண்ணி உள்ள இறங்கணும். நாளைக்கு வேர் தடிச்சு நாலு கல் தூக்கினாலும், அந்த நாலையும் எடுத்து, அடியில சிப்ஸை வழிச்சு, திரும்ப வெச்சுடலாம். கான்கிரீட்ல அது நடக்காது.

வெளி ஓரத்துக்கு கெர்ப் கல். அதுக்கும் பள்ளம் வெட்டக் கூடாது. மண்ணு மேலயே ஒரு பாலித்தீன் துண்டு, அதுமேல ஒரு இஞ்ச் கலவை, அதுல கல்லை உக்கார வெச்சு, பின்பக்கம் கல்லுக்கு ரெண்டு 12 மி.மீ. கம்பி முளை. ஓரத்தை 8 அடிக்குப் பதிலா ஏழரை அடியில நிறுத்தினா மரத்துக்கு அரை அடி கூடக் கிடைக்கும், சக்கரத்துக்குக் குறையாது.

இப்ப கான்கிரீட் போடுற நாள்.

வெயில் காலத்துல காலையில 6 மணிக்கு மெஷின் சுத்தணும். 11 மூட்டை, மூட்டைக்கு ஒரு கலவை, ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷம் சுத்தினாலும் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும். கத்திரி வெயில்ல மத்தியானம் போட்டா மேல காஞ்சு முடி விரிசல் விழும். ஐப்பசி, கார்த்திகையில இந்த வேலையே வேணாம். தை, மாசி நல்லது.

சிப்ஸ் மேல 200 மைக்ரான் பாலித்தீன், ஓரத்துல 6 இஞ்ச் மேல மடிச்சு விடணும். சிமெண்ட் பால் கீழ இறங்கினா ரெண்டு கெடுதல்: கலவை வறண்டு போகும், சுண்ணாம்புத் தண்ணி வேருக்குப் போகும். மெஷின், சட்டி, கரணை கழுவுற தண்ணியும் அதே கேடுதான். மரத்தடியில கழுவுறது எல்லா சைட்லயும் நடக்குது, நிழல் இருக்குதேன்னு. மொதல்லயே இடம் காட்டிடுங்க. தோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு டிரம் வெச்சு அதுல கழுவச் சொல்லுங்க. சிமெண்ட் மூட்டையும் ஜல்லிக் குவியலும்கூட மரத்தடியில வேணாம், பழைய பாதை மேல கொட்டுங்க.

கம்பியைத் தரையில போட்டுட்டு 'ஊத்தும்போது கொக்கியால தூக்கி விடுறேன்'னு சொல்வாங்க. விடாதீங்க. தூக்கின எடத்துலயே அடுத்த ஆள் கால் வெப்பான், கம்பி திரும்ப அடியில போய் உக்காந்துடும். இரண்டரை இஞ்ச் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில முட்டுக் கொடுக்கிற சின்னக் கட்டை), மூணு அடிக்கு ஒண்ணு.

கலவை பதம்: மண்வெட்டியில அள்ளி வெச்சா குவியல் மெதுவா உக்காரணும், ஓடக் கூடாது. மண்வெட்டி முதுகால ஒரு தட்டு தட்டினா ஜல்லி மறைஞ்சு மேல பசை வரணும். தட்டின எடத்துல தண்ணி குளம் கட்டினா தண்ணி ஜாஸ்தி. எம் சாண்ட் நனைஞ்சு இருந்தா மூட்டைக்கு ரெண்டு மூணு லிட்டர் குறைச்சுக்கோங்க.

முழக்கோல் இழுத்து மட்டம் பார்த்துட்டு, மணியாஸ் கட்டை (மேல்பரப்பைத் தேய்க்கிற கட்டை) ஒரு தடவை. அப்புறம் கையை எடுத்துடணும். மேல கண்ணாடி மாதிரி ஒரு ஈரம் மினுங்கும். அது தானா போற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அந்த ஈரத்து மேல காஞ்ச சிமெண்ட் தூவி வழவழன்னு தேய்க்கிற பழக்கம்தான், அடுத்த வருஷம் அப்பளம் மாதிரி மேல்தோல் உரியறதுக்குக் காரணம். ஈரம் போனதும், தென்னை ஈர்க்கு விளக்குமாறால சரிவுக்குக் குறுக்க ஒரே இழுப்பு. மழையில டயர் வழுக்காது.

சரிவு 60-க்கு ஒண்ணு, 18 அடிக்கு மூணரை இஞ்ச். பழைய பாதை சரிவையே பிடிச்சுட்டுப் போங்க. ஜாயின்ட் மெஷின்ல வெட்டுறதா இருந்தா அன்னிக்கு சாயந்தரமே வெட்டிடணும், 6 மணி நேரத்துக்கு மேல 12-க்குள்ள. 'நாளைக்கு வர்றேன்'னு சொன்னா அதுக்குள்ள கான்கிரீட் தானே ஒரு எடத்துல வெட்டிக்கும்.

க்யூரிங் (கான்கிரீட்டை நனைச்சு வெக்கிறது) ஈரச்சாக்குதான். சரிவு இருக்கறதால பாத்தி கட்டினா மேல் பக்கம் காஞ்சு கிடக்கும். இப்ப கடையில கிடைக்கறது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட், அதுக்கு நம்ம ஊர் வெயில்ல 14 நாள். கார் ஏத்த 28 நாள் பொறுங்க.

இன்ஜினியர் சார்கிட்ட ஒரு கேள்வி. பழசையும் புதுசையும் டவல் கம்பி போட்டு இணைக்கலையே? விட்டா ஒரு பக்கம் இறங்கி படி விழாதா?


தளப்பொறியாளர்:

நல்ல கேள்வி, பூமட்டம். ஜியோசெல் யோசனைக்கும் நன்றி, அது இல்லாமல் நான் சொன்னது அரைகுறைதான்.

டவல் வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. பழைய தளம் 4 இஞ்ச். நடுவில் 14 மி.மீ. துளை போட்டால் மேலும் கீழும் 2 இஞ்ச்கூட மிஞ்சாது. டிரில் அதிர்விலேயே ஓரம் பெயரும். இரண்டாவது, அந்த வேர் பழைய தளத்தின் அடிக்கு ஏற்கெனவே போயிருக்கலாம். நாளை பழையது அரை இஞ்ச் எழும்பினால் புதியதையும் சேர்த்து இழுக்கும். பிரித்து வைத்தால் சேதம் ஒன்றோடு நிற்கும்.

படி விழாமலிருக்க, பழையதை ஒட்டின ஒரு அடி அகலத்துக்கு மட்டும் கீழ் ஜல்லியை 2 இஞ்ச் ஆக்கி, கான்கிரீட் கனத்தை 7 இஞ்ச் ஆக்குங்கள். 18 அடிக்கு 3 கன அடி கூடும். ஒரு மூட்டை சேர்த்து 12 மூட்டையாக வாங்குங்கள், தண்ணீர் 312 லிட்டர் ஆகும். இரண்டுக்கும் நடுவே அரை இஞ்ச் தெர்மகோல் முழு ஆழத்துக்கு. வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து மேல் அரை இஞ்ச்சைச் சுரண்டிவிட்டு பாலிசல்ஃபைடு சீலன்ட் (ரப்பர் மாதிரி அடைப்புப் பசை) நிரப்புங்கள். காம்பவுண்ட் சுவரையோ வீட்டுச் சுவரையோ தொடும் இடத்திலும் அதே தெர்மகோல்.

முழுவதும் கான்கிரீட்டாகத்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் வழி இருக்கிறது. வேர்களுக்கு நடுவே கையால் குழி எடுத்துச் சின்னத் தூண்கள், அதன்மேல் மண்ணைத் தொடாமல் தொங்கும் தளம். அப்போது முக்கியக் கம்பி அடிப்பக்கம் வர வேண்டும், கனமும் கம்பியும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். 36 சதுர அடிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

கேட்டுக்கு வெளியே மழைநீர் வடிகால் மூடிமேல் சாய்தளம் ஏற்ற வேண்டாம். மாநகராட்சி இடிக்கும் என்பது ஒரு பக்கம். டிசம்பரில் தெருத் தண்ணீர் உங்கள் வாசலுக்கே திரும்பும் என்பது பெரிய பக்கம்.


ரெட்டேரிவாசி:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி ஓரக் கோட்டுல சுரண்டிப் பார்த்தாச்சு. கேட்டிலிருந்து 4 அடியில, மண்ணுக்கு 5 இஞ்ச் கீழ ஒண்ணேமுக்கால் இஞ்ச் வேர். 10 அடியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு, விரல் கனம். அளந்து குறிச்சு, மூடியாச்சு.

மேல தெரியுற அந்தப் பெரிய வேர்தான் இப்ப கவலை. பேவர் பகுதியைத் தாண்டி கான்கிரீட் வர்ற இடத்துக்கும் போகுது, அங்கேயும் ஒரு இஞ்ச் மேல துருத்திக்கிட்டு இருக்கு. வேர்த் தடுப்புத் தகடு வெச்சா நல்லதா? வேலை முடிஞ்சதும் மரத்துக்கு என்ன செய்யணும்?


வேரடிமண்:

4 அடியில் இருப்பதும், விரல் கனத்தவையும் அப்படியே இருக்கட்டும். அவற்றின் மேல் துணியும் ஜல்லியும் போகும், தொந்தரவில்லை.

தடுப்புத் தகடு வேண்டாம். இளம் கன்று நடும்போது வைக்க வேண்டியது அது. வளர்ந்த மரத்துக்கு வைக்க இரண்டடி ஆழத்துக்கு நேராகப் பள்ளம் வெட்ட வேண்டும். எதைக் காப்பாற்ற இவ்வளவு பேசுகிறோமோ அதையே வெட்டுவதாகும்.

பெரிய வேர் கான்கிரீட் பகுதியில் ஒரு இஞ்ச் துருத்தினால், அதன் முதுகுக்கும் தளத்தின் அடிக்கும் நடுவே 3 இஞ்ச் ஜல்லி மிஞ்சும். அது போதும். வேர் பருக்கும்போது ஜல்லி பக்கவாட்டில் நகர்ந்து இடம் கொடுக்கும். ஆனால் பழையதை ஒட்டின 7 இஞ்ச் தடிப்பை அந்த வேர் கடக்கும் இடத்தில் மட்டும், இரண்டு அடி நீளத்துக்கு, விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே ஒரே இஞ்ச் இடைவெளிதான் இருக்கும். ஜல்லி பரப்பும் முன் வேர்மேல் இரண்டாக மடித்த சாக்கை வையுங்கள், கல்முனை பட்டையைக் குத்தாது. ஆட்கள் தள்ளுவண்டியை அதன்மேல் ஓட்டாமல் பலகை போட்டுவிடுங்கள்.

அடிமரத்தைச் சுற்றி மண்ணை உயர்த்தக் கூடாது. வேர்க்கழுத்து, அதாவது தண்டு விரிந்து வேராக மாறும் இடம், எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கெர்ப் கல்லுக்கும் அடிமரத்துக்கும் நடுவே கிடைக்கும் மூன்றரை அடி முழுவதும் மண்ணாகவே, சருகு மூடாக்கோடு இருக்கட்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது மிகக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

க்யூரிங் தண்ணீர் முதல் இரண்டு மூன்று நாள் சுண்ணாம்புக் காரத்தோடு வழியும். அதை மரப் பக்கம் விடாமல் கேட்டுப் பக்கம் வழியச் செய்யுங்கள். மொட்டை மாடி மழைநீர்க் குழாய் ஒன்றைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினால், கான்கிரீட் மூடின பரப்பில் இழந்த நீரை மரம் திரும்பப் பெறும். வரும் முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒரு தரம், அடிமரத்தில் இல்லாமல் 5 அடி தள்ளி, மண் ஒரு அடி நனைகிற வரை நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீரை இதற்கும் தவிர்க்க முடிந்தால் நல்லது.

வேர் குறைந்ததால் கிளையையும் குறைக்க வேண்டும் என்று யாராவது அரிவாளோடு வருவார்கள். வேண்டாம். புது வேர் விட மரத்துக்கு இலை வேண்டும். காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்ப்பது இயல்பு, பயப்படாதீர்கள். சித்திரையில் துளிர் நிறைய வருகிறதா, எந்தப் பக்கக் கிளையாவது துளிர்க்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் போட்ட பக்கத்துக் கிளை மட்டும் மொட்டையாக நின்றால் அதை இங்கே எழுதுங்கள்.